பத்தாம் வகுப்பு ஆசிரியர்களுக்கு ஒரு பிட்டர் எழுதுவது

கடலூர் மாவட்டத்து உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளின் தலைமை ஆசிரியர்களுக்கும், ஒன்பது, பத்தாம் வகுப்பு எடுக்கும் ஆசிரியர்களுக்கும் வணக்கம்.

நான் குடிகாடு சிப்காட் தொழிற்பேட்டையில் ஓர் இரசாயன ஆலையில் பராமரிப்புப் பிரிவில் வேலை பார்க்கிறேன். கடலூர் அரசு ஐ.டி.ஐ.யில் (தொழிற்பயிற்சி நிலையம்) பிட்டர், அதாவது இயந்திரங்களைப் பொருத்திப் பழுது பார்க்கும் வேலை, படித்து 1996-ல் வெளியே வந்தவன். ஒவ்வொரு வருஷமும் ஐ.டி.ஐ. முடித்த பிள்ளைகள் அப்ரண்டிஸாக, அதாவது உதவித்தொகையோடு வேலை பழகுபவர்களாக, சேர எங்கள் ஆலைக்கு வருவார்கள். நேர்முகத்தின்போது ஓரமாக ஒரு நாற்காலி போட்டு என்னையும் உட்கார வைப்பார்கள். நான் கேட்பது ஒரே கேள்வி. “தம்பி, இந்த ட்ரேடை ஏன் எடுத்தே?” ட்ரேடு என்றால் ஐ.டி.ஐ.யில் எடுத்துப் படிக்கும் தொழிற்பிரிவு.

இந்த வருஷம் ஒன்பது பேர் வந்தார்கள். ஆறு பேர் சொன்ன பதில், “இந்த சீட்டுதான் சார் இருந்துச்சு.” இரண்டு பேர், “பத்தாவதுல மார்க் கம்மி, கிளாஸ் சார்தான் ஐ.டி.ஐ. போயிடுன்னு சொன்னாரு” என்றார்கள். ஒருவன் மட்டும், “எங்க சித்தப்பா லேத் பட்டறை வெச்சிருக்காரு சார், சின்ன வயசுலேருந்து பாத்திருக்கேன்” என்றான்.

அந்தப் ‘பாத்திருக்கேன்’தான் என்னை இந்த மடலை எழுத வைத்தது. மற்ற எட்டுப் பேரும் அவனைவிட எந்த வகையிலும் குறைந்தவர்கள் இல்லை. அவர்களுக்கு யாரும் எதையும் காட்டவில்லை, அவ்வளவுதான். அதில் ஒருவன் ஈச்சங்காட்டுக்காரன். எங்கள் ஆலையின் சங்குச் சத்தம் கேட்டுத்தான் காலையில் பள்ளிக்குக் கிளம்புவானாம். பதினேழு வருஷம் மதில் சுவருக்கு இந்தப் பக்கம் இருந்திருக்கிறான், உள்ளே என்ன வேலை நடக்கிறது என்று ஒரு நாள்கூடப் பார்த்ததில்லை.

என் கதையைக் கொஞ்சம் சொல்லிக்கொள்கிறேன். 1994-ல் பத்தாவது. அரையாண்டுத் தேர்வில் கணக்கில் 31 மார்க். கணக்கு சார் விடைத்தாளைக் கொடுக்கும்போது எழுப்பி நிற்க வைத்து, “உனக்கெல்லாம் படிப்பு ஏறாதுடா, ஐ.டி.ஐ. போய் ஸ்பேனர் பிடி, அதுக்குத்தான் நீ லாயக்கு” என்றார். வகுப்பே சிரித்தது. அவர் கெட்டவர் இல்லை. மாலையில் தனியாக உட்கார வைத்து இலவசமாகச் சொல்லிக்கொடுத்தவர். ஆனால் அந்த ஒரு வாக்கியத்தில் என்னையும் ஐ.டி.ஐ.யையும் சேர்த்தே கழித்துவிட்டார். ஜூன் மாதம் விண்ணப்பம் எழுதும்போது, ட்ரேடு என்ற இடத்தில் எனக்கு முன்னால் வரிசையில் நின்ற பையன் என்ன எழுதினானோ அதையே நானும் எழுதினேன். இரண்டு வருஷப் படிப்பை, அப்புறம் இந்த முப்பது வருஷ வாழ்க்கையை, அப்படித்தான் தேர்ந்தெடுத்தேன். எனக்கு அது நல்லபடியாக அமைந்தது. அது அதிர்ஷ்டம். பிள்ளைகளை அதிர்ஷ்டத்தை நம்பி அனுப்பக் கூடாது என்றுதான் கேட்கிறேன்.

முதல் மூன்று மாதம் அரம் பிடிக்க வைத்தார்கள். ஒரு இரும்புத் துண்டு, அதைத்தான் நாங்கள் ‘ஜாப்’ என்போம், வைஸ் என்ற இரும்புப் பிடிப்பானில் கடித்து வைத்து நாள் முழுக்க அராவ வேண்டும். முதலில் கரடு முரடான பாஸ்டர்டு அரம், பிறகு ஸ்மூத். அரத்தின் பல்லில் தூள் அடைக்காமல் இருக்கச் சாக்பீஸ் தேய்த்துக்கொள்வோம். அராவி முடித்ததும் ட்ரை ஸ்கொயர் என்ற மூலைமட்டத்தை அந்த முகத்தின் மேல் வைத்து ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடிக்க வேண்டும். இரும்புக்கும் ஸ்கொயருக்கும் நடுவே முடி அளவுக்கு வெளிச்சம் தெரிந்தாலும் மறுபடி அராவ வேண்டும். எனக்கு முதல்முறை வெளிச்சம் மறைந்தது இருபதாவது நாளோ என்னவோ. உள்ளங்கை கொப்புளம் உடைந்து காய்த்துப் போயிருந்தது. இன்ஸ்பெக்டர் வந்தோ விடைத்தாள் திருத்தியோ யாரும் எனக்கு மார்க் போட வேண்டிய அவசியமே இல்லாமல், செய்தது சரி என்று என் கண்ணுக்கே தெரிந்த முதல் சம்பவம் அது. பள்ளியில் பத்து வருஷத்தில் அப்படி ஒரு நாள் எனக்கு வாய்த்ததில்லை.

அடுத்த வருஷம் சைன் பார் காட்டினார்கள். கணக்கு ஆசிரியர்கள் இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படிக்க வேண்டும். சைன் பார் என்பது ஒரு தட்டையான எஃகுக் கட்டை. இரண்டு முனையிலும் ஒவ்வொரு உருளை. உருளைகளின் மையத்துக்கு மையம் சரியாக 200 மில்லிமீட்டர். ஒரு பக்கத்து உருளையைச் சமதளத் தட்டின் மேல் வைத்து, மறுபக்கத்து உருளைக்கு அடியில் ஸ்லிப் கேஜ் என்ற அளவுக் கட்டைகளை அடுக்கினால் கட்டை சாயும். “30 டிகிரி சாயணும். அடியில எவ்வளவு உயரம் வைக்கணும்?” என்று இன்ஸ்ட்ரக்டர் கேட்டார். இருபது பேரும் ஒருவர் மூஞ்சியை ஒருவர் பார்த்தோம். “சைன் 30 எவ்வளவுடா?” அரை என்று எவனோ முனகினான். “200-ல பாதி?” 100. நூறு மில்லிமீட்டர் அடுக்கி வைத்தார். புரோட்ராக்டரை வைத்துப் பார்த்தோம், 30 டிகிரி.

ஒரு வருஷம் முழுக்கக் கரும்பலகையில் பார்த்துப் பார்த்து மனப்பாடம் செய்து மறந்த சைன் தீட்டா அன்றைக்கு ஒரு எஃகுக் கட்டையாக என் கையில் கனத்தது. எனக்குக் கணக்கு ஏறாது என்று சொன்னவரிடம் ஓடிப்போய்ச் சொல்ல வேண்டும் போல இருந்தது. கோபத்தில் அல்ல, சந்தோஷத்தில். போகவில்லை. கூச்சமாக இருந்தது. அவர் இப்போது இல்லை.

முக்கோணவியல் பாடம் இன்றைக்கும் பத்தாம் வகுப்பில் இருக்கிறது. இதைப் போல நான் இன்னும் பல சொல்ல முடியும். எங்கள் ஆலையில் இன்ஸ்ட்ருமென்ட் மெக்கானிக் முடித்த ஒரு பெண் பிள்ளை அப்ரண்டிஸாக வந்தாள். தொட்டியில் திரவம் எவ்வளவு இருக்கிறது, குழாயில் அழுத்தம் எவ்வளவு என்பதையெல்லாம் கண்ட்ரோல் ரூமுக்கு ஒரு மின்னோட்டம்தான் தெரிவிக்கிறது. பூஜ்ஜிய அளவுக்கு 4 மில்லி ஆம்பியர், முழு அளவுக்கு 20. எனக்கு நீண்ட நாளாக ஒரு சந்தேகம், பூஜ்ஜியத்துக்குப் பூஜ்ஜியம் என்றே வைத்திருக்கலாமே என்று. அவள் சொன்னாள், “அண்ணா, பூஜ்ஜியம்னு வெச்சா, தொட்டி காலியா இருக்கா, ஒயர் அறுந்துபோச்சான்னு எப்படித் தெரியும்? 4 வந்தா காலி. ஒண்ணுமே வரலைன்னா ஒயர் போச்சு.” எத்தனையோ வருஷம் அந்தப் பெட்டிகளுக்குப் பக்கத்திலேயே வேலை செய்தவனுக்குப் பத்தொன்பது வயசுப் பெண் ஒரு நிமிஷத்தில் புரிய வைத்துவிட்டாள். பத்தாவதில் அவளும் முந்நூறுக்கும் கீழேதான் வாங்கியிருந்தாள்.

இப்போது ட்ரேடுகளைப் பற்றி. ஐ.டி.ஐ. என்றால் பிட்டர், எலக்ட்ரீஷியன், வெல்டர் இந்த மூன்றோடு முடிந்துவிடுகிறது பலருக்கு. நம் ஊரின் சிப்காட் 1984-ல் வந்தது. பெரும்பாலும் இரசாயன ஆலைகள். இங்கே வேலைக்கென்றே ஒரு ட்ரேடு இருக்கிறது, அட்டெண்டன்ட் ஆபரேட்டர் கெமிக்கல் பிளான்ட் என்று பெயர். இரண்டு வருஷம். பம்பு, வால்வு, கொதிகலன், வடிகலன் எல்லாவற்றையும் இயக்கவும் கண்காணிக்கவும் சொல்லித்தருவது. லேபரட்டரி அசிஸ்டென்ட் கெமிக்கல் பிளான்ட் என்று இன்னொன்று. நான் விசாரித்த வரையில் குடிகாட்டிலும் காரைக்காட்டிலும் எட்டாவது, ஒன்பதாவது படிக்கும் ஒரு பிள்ளைக்கும் இந்தப் பெயர்கள் தெரியாது. வேதியியல் பிடிக்கும் பிள்ளை, கெமிக்கல் ட்ரேடு இருக்கிறது என்று தெரியாமல் ஏதோ ஒரு கல்லூரியில் ஏதோ ஒரு பட்டப்படிப்பில் போய் உட்காருகிறது.

வெல்டர் ஒரு வருஷப் படிப்பு, எட்டாவது பாஸ் போதும். ‘எட்டாவது பாஸ் போதும்’ என்பதால் மட்டமான வேலை என்று நினைத்துவிடாதீர்கள். குழாயை 45 டிகிரி சாய்வாக அசையாமல் பொருத்திவிட்டு, வெல்டர் தான் மட்டும் வளைந்து நெளிந்து சுற்றிவர வெல்டிங் அடிக்க வேண்டிய ஒரு பரிட்சை இருக்கிறது. 6ஜி என்பார்கள். அடித்ததை எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பார்கள். உள்ளே குண்டூசி முனை அளவுக்குக் காற்றுக் குமிழ்கள் கொத்தாக இருந்தாலும் போச்சு. அதில் தேறியவனுக்குக் கப்பல் கட்டும் தளம், எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை, வளைகுடா நாடு எல்லாம் திறந்திருக்கிறது. ஆனால் அதற்கு ஐ.டி.ஐ. முடித்த பிறகும் வருஷக்கணக்கில் கை பழக வேண்டும் என்பதையும் பிள்ளையிடம் சேர்த்தே சொல்ல வேண்டும். ஒரு வருஷத்தில் துபாய் என்று ஏஜென்ட் சொல்வதை நம்பி வீட்டுப் பத்திரத்தை அடகு வைத்தவர்கள் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள்.

ஐ.டி.ஐ. போனால் அதோடு படிப்பு முடிந்தது என்ற பேச்சும் தப்பு. இரண்டு வருஷ ட்ரேடு முடித்தவன் பாலிடெக்னிக்கில் நேராக இரண்டாம் வருஷம் சேரலாம். டிப்ளமோ முடித்தால் இன்ஜினியரிங்கிலும் இரண்டாம் வருஷம். என்னோடு படித்தவன் ஒருவன் அப்படித்தான் போனான். அரசு ஐ.டி.ஐ.யில் பயிற்சிக் கட்டணம் கிடையாது. மாதம் 750 ரூபாய் உதவித்தொகை உண்டு, சைக்கிள், சீருடை, பஸ் பாஸ் உண்டு. அரசுப் பள்ளியில் படித்து வந்த பிள்ளை என்றால் பெண்ணுக்குப் புதுமைப் பெண், பையனுக்குத் தமிழ்ப் புதல்வன் என்று மாதம் 1,000 ரூபாயும் கிடைக்கும். இதெல்லாம் உங்களுக்குச் சுற்றறிக்கையாக வந்திருக்கும். பெற்றோருக்கு வந்து சேர்வதில்லை.

சரி, உங்கள் பக்கத்து நியாயத்துக்கு வருகிறேன். என் தம்பி மகனின் ஆசிரியை ஒருவரிடம் இதைப் பேசியபோது அவர் கேட்டார், “அண்ணே, அனுப்பிட்டு நாளைக்கு அவன் காண்டிராக்ட்ல மூட்டை தூக்கிட்டு இருந்தா எனக்கு மனசு கேக்குமா?” கேட்காதுதான். இதற்குப் பூசி மெழுகிப் பதில் சொல்ல மாட்டேன். நான் முதல் முதலாக அப்ரண்டிஸாகப் போன இடத்தில் நான்கு மாதம் என் கையில் ஸ்பேனரையே கொடுக்கவில்லை. டீ வாங்கி வரவும் தரையில் சிந்திய எண்ணெயைத் துடைக்கவும் விட்டார்கள். வால்வைத் தொட்டால் திட்டு. இன்றைக்கும் பல இடங்களில் அப்ரண்டிஸ் என்றால் சம்பளம் குறைந்த கூலியாள் என்றே நினைக்கிறார்கள்.

ஆனால் சட்டம் அப்படிச் சொல்லவில்லை. அப்ரண்டிஸ் சட்டம் 1961-லேயே வந்தது. முப்பது பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் நிறுவனம், காண்டிராக்ட் ஆட்களையும் சேர்த்து, மொத்த ஆட்களில் 2.5 முதல் 15 சதவீதம் வரை அப்ரண்டிஸ் எடுத்தாக வேண்டும். குறைந்தபட்ச உதவித்தொகையை விதியே நிர்ணயிக்கிறது. ஐ.டி.ஐ. முடித்த பிட்டர் ஒரு வருஷப் பயிற்சியின் முடிவில் தேர்வு எழுதித் தேறினால் தேசிய அப்ரண்டிஸ் சான்றிதழ் வாங்கலாம். இதெல்லாம் நடக்க ஒரு காகிதம் வேண்டும். பிள்ளைக்கும் நிறுவனத்துக்கும் நடுவே பதிவு செய்த ஒப்பந்தம். காண்டிராக்டர் ஒருவர் ‘ட்ரெய்னி’ என்று பெயர் வைத்து வாய்வார்த்தையில் கூட்டிப்போனால் அது அப்ரண்டிஸ் ஆகாது. வருஷக் கடைசியில் கையில் ஒன்றும் இருக்காது. “ஒப்பந்தம் எங்கே?” என்று கேட்க ஒரு பிள்ளைக்குத் தெரிந்திருந்தால் பாதிப் பேர் ஏமாற மாட்டார்கள். இந்த ஒரு கேள்வியைப் பத்தாம் வகுப்பிலேயே சொல்லிக்கொடுத்துவிட முடியும். நிறுவனங்களின் காதில் போட வேண்டியதை நாங்கள் உள்ளே இருந்து போட்டுக்கொண்டுதான் இருக்கிறோம். எங்கள் பிரிவில் இப்போது முதல் வாரத்திலேயே ஸ்பேனர் கொடுத்துவிடுகிறோம்.

கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு ஒன்று. இரண்டு குழாய்களைச் சேர்க்கும் பிளாஞ்சில் எட்டு போல்ட் இருக்கும். புதிதாக வரும் பையன் ஒன்றை முழுசாக முறுக்கிவிட்டு அடுத்ததற்குப் போவான், வட்டமாக, வரிசையாக. பார்க்க இறுகின மாதிரி இருக்கும். உள்ளே கசிவைத் தடுக்கும் கேஸ்கட் ஒரு பக்கம் நசுங்கி மறுபக்கம் தூக்கிக்கொண்டிருக்கும். தண்ணீர்க் குழாய் என்றால் சொட்டும். அமிலக் குழாய் என்றால் யாராவது ஒருவர் கண்ணை இழப்பார். எதிரெதிரே இருக்கும் போல்ட்களைக் கொஞ்சம் கொஞ்சமாக, மூன்று நான்கு சுற்றில் முறுக்க வேண்டும். இதைச் சொல்லிக்கொடுக்க ஐந்து நிமிஷம் ஆகும். கை பழக ஆறு மாதம் ஆகும். ஆலையைச் சுற்றியுள்ள ஊர்க்காரர்கள் நாற்றத்தைப் பற்றியும் கசிவைப் பற்றியும் முப்பது, நாற்பது வருஷமாகப் பேசுகிறார்கள். அது நியாயமான பேச்சு, நானும் அந்தக் காற்றைத்தான் சுவாசிக்கிறேன். எந்த ஆலை இருக்கலாம், எது கூடாது என்பது ஊரும் அரசும் முடிவு செய்ய வேண்டியது. இருக்கிற வரைக்கும் அந்த எட்டு போல்ட்டை முறுக்குவது யார் கை என்பதில் எங்கள் எல்லோருடைய உயிரும் இருக்கிறது. அந்தக் கையைத்தான் ‘படிப்பு ஏறாதது’ என்று கழித்து அனுப்புகிறோம்.

தானே புயலை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். 2011 டிசம்பர் 30 விடியற்காலை. எங்கள் பக்கம் கரண்ட் வர வாரக்கணக்கில் ஆனது. வெளி மாவட்டங்களிலிருந்து மின்வாரிய ஆட்கள் வந்து கம்பம் நட்டார்கள். ஒருவழியாகக் கரண்ட் வரப்போகிறது என்ற அன்றைக்கு, எங்கள் தெருவில் ஒயர்மேன் படித்த பையன் ஒருவன் எங்கிருந்தோ ஒரு மெக்கரை இரவல் வாங்கிக்கொண்டு வீடு வீடாக வந்தான். ஊறிப்போன சுவருக்குள் ஓடும் ஒயரின் இன்சுலேஷன் தாங்குமா என்று பார்க்கும் கருவி அது. முள் ஒரு மெகா ஓமுக்குக் கீழே நின்றால், “பெரியம்மா, இந்த ரூம் லைனைப் போடாதீங்க” என்று பியூஸைப் பிடுங்கி அவர்கள் கையிலேயே கொடுத்துவிட்டுப் போனான். பதினோரு வீட்டில் அப்படிப் பிடுங்கினான். எங்கள் வீடும் அதில் ஒன்று. என் மகள் அப்போது தவழ்ந்துகொண்டிருந்தாள், பிளக் பாயிண்ட் அவள் எட்டும் உயரத்தில் இருந்தது.

நான் கேட்பது இதுதான். வரும் ஜனவரியில், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளை ஒரே ஒரு நாள் பக்கத்திலிருக்கும் ஐ.டி.ஐ.யின் ஒர்க்‌ஷாப்புக்குக் கூட்டிப்போங்கள். பத்தாம் வகுப்பு வேண்டாம், பொதுத்தேர்வு நெருக்கும், பிள்ளைகளுக்கும் உங்களுக்கும் மூச்சுவிட நேரம் இருக்காது. ஐ.டி.ஐ. முதல்வருக்கு ஒரு கடிதம் எழுதினால் போதும், எனக்குத் தெரிந்தவரை அவர்கள் மறுப்பதில்லை. பிள்ளைகள் வந்தால் சந்தோஷப்படுவார்கள்.

இன்னும் ஒன்றைக் கெஞ்சிக் கேட்கிறேன். முழு வகுப்பையும் கூட்டிப்போங்கள். கடைசி பெஞ்சை மட்டும் பொறுக்கி எடுத்துப் போனால், அன்றைக்கே அது தண்டனை ஆகிவிடும். போன பிள்ளை தலை குனிந்துகொண்டு போகும், போகாத பிள்ளை அதைப் பார்த்துச் சிரிக்கும். முதல் மார்க் எடுக்கும் பிள்ளையும் லேத்துக்கு முன்னால் நிற்க வேண்டும். பெண் பிள்ளைகளும் நிற்க வேண்டும், கடலூரில் பெண்களுக்கென்றே தனி அரசு ஐ.டி.ஐ. இருக்கிறது. முதல் மார்க் பிள்ளை அப்புறம் டாக்டராகப் போகட்டும், நல்லது. தன் வகுப்பில் கூட உட்கார்ந்திருந்தவன் எதைப் படிக்கப் போனான் என்று அவளுக்குத் தெரிந்திருக்கும்.

முடிந்தால் ஒரு அம்மாவையோ அப்பாவையோ சேர்த்துக் கூட்டிப்போங்கள். எங்கள் வீட்டிலும் ‘ஐ.டி.ஐ.யா’ என்று இழுத்த அம்மா, நான் அராவிய இரும்புத் துண்டைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்த பிறகுதான் பக்கத்து வீட்டில் போய்ச் சொன்னார்.

உங்களுக்கு வேலை அதிகம் என்று தெரியும். ஏற்பாட்டில் ஒரு பங்கை நாங்கள் எடுத்துக்கொள்கிறோம். எங்கள் ஆலையிலும் பக்கத்து ஆலைகளிலும் வேலை பார்க்கும் பழைய ஐ.டி.ஐ. மாணவர்கள் ஏழெட்டுப் பேர் பேசி வைத்திருக்கிறோம். எங்கள் வார விடுமுறை நாளில் பள்ளிக்கே வந்து அரை நாள் இருப்போம். ஒரு கை வைஸ், இரண்டு அரம், ட்ரை ஸ்கொயர், வெர்னியர், ஒரு பழைய வால்வு, எட்டு போல்ட் பிளாஞ்ச் ஒன்று, இவ்வளவையும் ஒரு ஆட்டோவில் கொண்டுவந்துவிடலாம். சைன் பார் கிடைக்குமா என்று விசாரித்துக்கொண்டிருக்கிறேன். கணக்கு ஆசிரியர் அன்றைக்குக் கண்டிப்பாக வகுப்பில் இருக்க வேண்டும்.

ஐ.டி.ஐ.க்குக் கூட்டிப்போகும் நாளில் பிள்ளைகளை ஷூ போட்டு வரச் சொல்லுங்கள். செருப்போடு ஒர்க்‌ஷாப்பில் விட மாட்டார்கள். இல்லாத பிள்ளைகள் எத்தனை பேர், என்ன அளவு என்று ஒரு வாரம் முன்னால் சொல்லிவிட்டால் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். பெண் பிள்ளைகள் பின்னலைச் சுருட்டிக் கட்டிக்கொள்ள வேண்டும், துப்பட்டாவைக் கழற்றி வைத்துவிட வேண்டும். லேத் சுற்றும் இடத்தில் தொங்குவது எதுவும் கூடாது.

இப்படிக்கு,
குடிகாடு சிப்காட்டிலிருந்து,
ஒரு பிட்டர்